சுண்டெலியின் குடலிலிருந்து தெரிந்தவை: உணவு, குடல் நுண்ணுயிரிகள், உடற்பருமன், சர்க்கரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"குடல் பாக்டீரியாதான் உடம்பு பெருக்கக் காரணமாமே?" என்று கேட்காத வீடு இப்போது குறைவு. மாதத்துக்கு ஒரு செய்தியாவது வந்துவிடுகிறது. பெரும்பாலான செய்திகளின் நடுவில் "எலிகளில் நடத்திய ஆய்வில்" என்று ஒரு வரி இருக்கும். தலைப்பில் அது இருக்காது. அந்த எலிகளுக்கு என்ன செய்தார்கள், அதிலிருந்து எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

"வளர்சிதை ஆரோக்கியம்" என்றால் எதைச் சொல்கிறார்கள்?

சாப்பிட்டதை உடம்பு எப்படிச் செலவு செய்கிறது, எங்கே சேமிக்கிறது என்பதன் மொத்தக் கணக்கு அது. ஆய்வகத்தில் பெரும்பாலும் நான்கைந்து விஷயங்களைத்தான் அளப்பார்கள்: உடல் கொழுப்பு, ரத்தச் சர்க்கரை, இன்சுலினுக்கு உடம்பு கேட்கிறதா இல்லையா, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதா, உடம்புக்குள் லேசான வீக்கம் (அழற்சி) நாள்பட நீடிக்கிறதா. இவை கெட்டுப்போனால் நீரிழிவும் இதய நோயும் பின்னால் வரும்.

இதற்கு ஏன் எலி? மனிதர்களையே பார்த்தால் என்ன?

பார்க்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய தடை உண்டு. பருமனானவர்களின் குடலில் ஒருவகை நுண்ணுயிரிகளும் மெலிந்தவர்களின் குடலில் வேறுவகையும் இருப்பதாகக் கண்டால், எது காரணம், எது விளைவு? நுண்ணுயிரி மாறியதால் உடம்பு பெருத்ததா, உடம்பு பெருத்ததால் நுண்ணுயிரி மாறியதா, அல்லது இரண்டையும் மாற்றியது சாப்பாடா? மனிதர்களைக் கவனித்துக்கொண்டே இருப்பதால் மட்டும் இந்த முடிச்சு அவிழாது.

அதை அவிழ்க்கத்தான் கிருமியற்ற சுண்டெலி வந்தது. தாயின் வயிற்றைக் கீறிக் குட்டியை எடுத்து, காற்றும் தண்ணீரும் தீவனமும் கிருமி நீக்கப்பட்ட கூடாரத்துக்குள் வளர்ப்பார்கள். அதன் குடலில் ஒரு பாக்டீரியாகூட இருக்காது. கிருமிகள் இல்லாமல் விலங்கு உயிர்வாழவே முடியாது என்று 1885-ல் லூயி பாஸ்டர் கருதினார். பத்தே ஆண்டுகளில் பெர்லினில் நட்டால், தியர்ஃபெல்டர் என்ற இருவர் கிருமியற்ற சீமைப்பெருச்சாளிக் குட்டியைச் சில நாட்கள் உயிரோடு வைத்துக் காட்டிவிட்டார்கள். இன்று இத்தகைய சுண்டெலிகள் தலைமுறை தலைமுறையாக வளர்கின்றன. பாக்டீரியா தயாரித்துத் தரும் வைட்டமின் கே போன்றவற்றை அவற்றின் தீவனத்திலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இப்படி ஒரு வெற்றுப் பானை கிடைத்துவிட்டால், அதில் நீங்கள் விரும்பிய நுண்ணுயிரியைப் போட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மனிதரில் இது நடக்காத காரியம்.

ஒரு சொல் விளக்கம்: தமிழில் எல்லாவற்றையும் எலி என்றே எழுதிவிடுகிறோம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சுண்டெலியில் நடந்தவை. பெரிய எலியில் நடந்தவை குறைவு. இரண்டும் வேறு வேறு விலங்குகள். அதனால் இங்கே பிரித்தே எழுதுகிறேன்.

கிருமியே இல்லாத சுண்டெலிக்கு என்ன ஆனது?

மெலிந்திருந்தது, அதுவும் அதிகம் தின்றபடியே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டனின் குழு 2004-ல் இதை அளந்தது. சாதாரணச் சுண்டெலிகள் கிருமியற்றவற்றைவிட 29% குறைவாகவே தின்றன. ஆனாலும் அவற்றின் உடல் கொழுப்பு 42% அதிகம்.

அடுத்து, சாதாரணச் சுண்டெலியின் குடலில் இருந்ததை எடுத்து வளர்ந்த கிருமியற்ற சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். 14 நாட்களில் உடல் கொழுப்பு 60% கூடியது. இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கேட்காமல் போனது. இத்தனைக்கும் தீனி முன்பைவிடக் குறைந்திருந்தது.

எப்படி? இரண்டு வழிகள் தெரிந்தன. நாம் செரிக்க முடியாத மாவுப்பொருட்களை பாக்டீரியா உடைத்துத் தர, தீனியிலிருந்து கூடுதல் சக்தி கிடைத்தது. அதோடு, கொழுப்பு சேமிப்பைத் தடுத்துப் பிடிக்கும் ஒரு புரதத்தின் சுரப்பைக் குடலில் நுண்ணுயிரிகள் அடக்கிவிட்டன. பிடி தளர்ந்ததும் கொழுப்புத் திசு நிரம்பியது. ஆக, "வாய்க்குள் போகும் கலோரி மட்டுமே கணக்கு" என்ற எண்ணத்தை இந்த ஒரு ஆய்வே அசைத்துவிட்டது.

அப்படியானால் இந்த நுண்ணுயிரிகள் நமக்குப் பகையா?

இல்லை. கிடைத்த தீனியிலிருந்து கடைசிச் சொட்டு வரை சக்தியைப் பிழிந்தெடுப்பது, பஞ்ச காலத்தில் உயிரைக் காக்கும் திறன். ஸ்வீடனின் பழுப்புக் கரடிகளைப் பாருங்கள். கோடையில் மூக்குப்பிடிக்கத் தின்று கொழுத்து, குளிர்காலம் முழுவதும் ஒன்றும் தின்னாமல் உறங்கும். கோத்தன்பர்க்கில் ஃபிரெட்ரிக் பேக்ஹெட்டின் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கரடியின் கோடைக்கால மலத்தையும் குளிர்கால மலத்தையும் தனித்தனியே கிருமியற்ற சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். கோடை நுண்ணுயிரிகளைப் பெற்றவை அதிகக் கொழுப்பு சேர்த்தன. பருவத்துக்கு ஏற்பக் குடலும் மாறிக்கொள்கிறது. கரடிக்கு அது நோயாவதில்லை. நமக்குத்தான் ஆண்டு முழுவதும் கோடையாக இருக்கிறது.

உடற்பருமன் நுண்ணுயிரி வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுமா?

சுண்டெலியில் மாறியது. 2006-ல் கார்டனின் குழு, மரபணுக் குறையால் பருத்த சுண்டெலியின் குடல் நுண்ணுயிரிகளைக் கிருமியற்ற சுண்டெலிக்கு மாற்றியது. இரண்டு வாரத்தில் அவற்றின் உடல் கொழுப்பு 47% கூடியது. மெலிந்த சுண்டெலியிலிருந்து பெற்றவற்றுக்கு 27%.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2013-ல் வந்த ஆய்வுதான். ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த நான்கு ஜோடி இரட்டைச் சகோதரிகளின் மலத்தைக் கிருமியற்ற சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். பருமனானவரின் நுண்ணுயிரிகளைப் பெற்ற சுண்டெலிகள் கொழுப்பு சேர்த்தன, மெலிந்தவருடையதைப் பெற்றவை சேர்க்கவில்லை. பிறகு இரண்டு வகையையும் ஒரே கூண்டில் விட்டார்கள். சுண்டெலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும். அந்த வழியாக மெலிந்த பக்கத்து பாக்டீரியா பருத்த பக்கத்துக்குக் குடியேறியது, கொழுப்பு சேர்வது நின்றது. எதிர்த்திசையில் அப்படி நடக்கவில்லை.

இதுவரைக்கும்தான் செய்திகள் சொன்னன. சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. கொழுப்பு குறைந்த, தாவர உணவு நிறைந்த தீனி கொடுத்தபோதுதான் இந்தப் பாதுகாப்பு வேலை செய்தது. நிறைகொழுப்பு அதிகமாகவும் காய்கனி குறைவாகவும் உள்ள தீனிக்கு மாற்றியதும், அதே கூண்டில் அதே தோழர்களோடு இருந்தும், நல்ல பாக்டீரியா குடியேறவில்லை. பருத்தவை பருத்தபடியே இருந்தன. விதை நல்ல விதைதான். நிலம் அதை ஏற்கவில்லை.

இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வைப் படிக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நுண்ணுயிரிக்கு வலிமை உண்டு, ஆனால் எந்த நுண்ணுயிரி தங்கும் என்பதைச் சாப்பாடு தீர்மானிக்கிறது.

நார்ச்சத்து இதில் என்ன செய்கிறது?

நம் சிறுகுடலால் செரிக்க முடியாத நார், பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகளுக்கு உணவு. அவை அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட் முதன்மை எரிபொருள். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனியோடு பியூட்டிரேட்டும் சேர்த்துத் தின்ற சுண்டெலிகளுக்கு உடல் பெருக்கவில்லை, இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கேட்காத நிலையான இன்சுலின் தடையும் வரவில்லை.

எல்லா நாரும் ஒன்றல்ல. செல்லுலோஸ் பெரும்பாலும் புளிக்காமல் வெளியேறிவிடும். வெங்காயம், பூண்டு, சிக்கரி வேர் இவற்றில் உள்ள இன்யூலின் நன்றாகப் புளிக்கும். கொழுப்புத் தீனி தின்னும் சுண்டெலிகளுக்கு இன்யூலின் சேர்த்தபோது உடல் கொழுப்பு குறைந்தது. செல்லுலோஸ் சேர்த்தபோது அந்த அளவுக்குப் பலன் இல்லை.

நார் கிடைக்காவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்காது, நம்மைத் தின்னத் தொடங்கும். குடல் சுவரின்மேல் கோழைப் படலம் ஒன்று உண்டு. சுவருக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவே அதுதான் வேலி. 2016-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிக் மார்ட்டென்ஸ் குழுவும் கூட்டாளிகளும், மனிதக் குடலைச் சேர்ந்த 14 வகை பாக்டீரியாவைக் கிருமியற்ற சுண்டெலிகளில் குடியேற்றி, நாரே இல்லாத தீனி கொடுத்தார்கள். கோழையைத் தின்னக்கூடியவை பெருகின, படலம் மெலிந்தது, நோய்க்கிருமி ஒன்றை விட்டபோது அது எளிதாகச் சுவரை எட்டிவிட்டது.

இன்னொன்று தலைமுறை சார்ந்தது. ஸ்டான்ஃபோர்டில் சோனன்பர்க் தம்பதியரின் குழு மனித நுண்ணுயிரிகள் கொண்ட சுண்டெலிகளை நார் குறைந்த தீனியில் நான்கு தலைமுறை வளர்த்தது. முதல் தலைமுறையில் மங்கிய பல வகைகள் நாரைத் திருப்பிக் கொடுத்ததும் மீண்டன. நான்காம் தலைமுறைக்கு வரும்போது பல வகைகள் அடியோடு போயிருந்தன. நாரைக் கொடுத்தும் அவை திரும்பவில்லை. காணாமல் போன நுண்ணுயிரியையும் நாரையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் திரும்பின. கொடுக்கத் தாயிடமே இல்லாதது குட்டிக்கு எங்கிருந்து வரும்? இதைப் படித்த அன்று எனக்கு மனம் கனத்தது.

இங்கேயும் கதை ஒரே நேர்கோட்டில் போகவில்லை. 2016-ல் வெளியான இன்னோர் ஆய்வில், பெரிய எலிகளின் குடலில் அசிட்டேட் மிகுந்தபோது மூளை வழியாக இன்சுலின் சுரப்பும் பசியும் கூடின. ஆகவே "சிறு கொழுப்பு அமிலம் என்றாலே நன்மை" என்று எழுதுவோரை நம்பி மாத்திரையாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கொழுப்பு மிகுந்த தீனி குடலில் என்ன கெடுதல் செய்கிறது?

பேட்ரிஸ் கானி, ரெமி பர்சலின் ஆகியோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். நான்கு வாரம் கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலிகளின் ரத்தத்தில், சில பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் ஒரு நச்சுப்பொருள் இரண்டு மூன்று மடங்கு கூடியிருந்தது. கடும் தொற்று வந்தால் ஏறும் அளவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு, ஆனால் நாள் முழுவதும் இருந்தது. தீனியை மாற்றாமல் அந்த நச்சை மட்டும் தோலடியில் நான்கு வாரம் மெல்லச் செலுத்தியபோதும் சர்க்கரை ஏறியது, எடை கூடியது, கல்லீரலில் கொழுப்பு படிந்தது. சர்க்கரை நோய்க்கும் நாள்பட்ட வீக்கத்துக்கும் நடுவே குடல் எப்படி வருகிறது என்பதற்கு இது ஒரு வழி காட்டியது.

பாக்கெட் உணவில் சேர்க்கும் பொருட்கள்?

இரண்டைச் சொல்கிறேன். ஐஸ்கிரீம், சாஸ் போன்றவற்றில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் பால்மமாக்கிகள். உறையில் ஐஎன்எஸ் 433, 466 என்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது பாலிசார்பேட் 80, இரண்டாவது கார்பாக்சிமீத்தைல் செல்லுலோஸ். அட்லாண்டாவில் பெனுவா ஷாசேங், ஆண்ட்ரூ கேவர்ட்ஸ் குழு 2015-ல் இவற்றைக் குடிநீரில் 1% கலந்து சுண்டெலிகளுக்குக் கொடுத்தது. பாக்டீரியா கோழைப் படலத்துக்குள் நெருங்கி வந்தது, லேசான வீக்கம் பிடித்தது, எடையும் சர்க்கரையும் ஏறின. கிருமியற்ற சுண்டெலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெடுதல் நுண்ணுயிரி வழியாகத்தான் வந்தது என்பதற்கு அதுவே சான்று.

மற்றொன்று செயற்கை இனிப்பு. சர்க்கரைக்குப் பதிலாக இதைச் சேர்த்துக்கொள்ளும் நீரிழிவுக்காரர்கள் நம்மில் ஏராளம், அதனால் கவனமாகச் சொல்கிறேன். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரன் எலினாவ், எரன் சேகல் குழு 2014-ல், சாக்கரின் குடித்த சுண்டெலிகளுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவதைக் கண்டது. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாவை அழித்ததும் அந்தக் கோளாறு மறைந்தது. அதே குழு 2022-ல் 120 பேரிடம் சோதித்தபோது சாக்கரினும் சுக்ரலோஸும் ரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை மாற்றின, ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் சர்க்கரைக்குத் திரும்பக் கூடாது. காபியை இனிப்பில்லாமல் பழகிக்கொள்வதே நல்லது.

குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிற்காலத்தில் குண்டாகுமா?

கோழிக்கும் பன்றிக்கும் குறைந்த அளவு ஆன்டிபயாடிக் கொடுத்தால் வேகமாக எடை போடும் என்பது 1950-களிலிருந்தே பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். அந்த நோக்கத்துக்காகக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் நிறுத்தியது. நியூயார்க்கில் மார்ட்டின் பிளேசரின் குழு 2014-ல் இதையே சுண்டெலியில் ஆராய்ந்தது. பிறந்த பருவத்தில் நான்கு வாரம் மட்டும் சிறு அளவு பெனிசிலின் பெற்றவை, பிறகு நுண்ணுயிரிகள் மீண்டுவிட்ட போதும், வளர்ந்ததும் அதிகக் கொழுப்பு சேர்த்தன. கொழுப்புத் தீனியும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஆனால் அது தொடர்ந்து கொடுத்த சிறு அளவு. காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஐந்து நாள் மருந்துக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. தேவைப்படும்போது கொடுக்காமல் விடுவது உயிருக்கே ஆபத்து. சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கிக் கொடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

டயட் இருந்து குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

எலினாவ், சேகல் குழுவின் 2016 ஆய்வில் ஒரு விடை இருக்கிறது. பருத்த சுண்டெலிகள் மெலிந்து, சர்க்கரையும் கொழுப்பும் சரியான அளவுக்கு வந்த பிறகும், குடல் நுண்ணுயிரிகள் மட்டும் பருமன் காலத்து நிலையிலேயே நெடுநாள் இருந்தன. மறுபடி கொழுப்புத் தீனி வந்ததும், முன்பு பருத்திராதவற்றைவிட வேகமாக எடை போட்டன. மன உறுதி இல்லை என்று தங்களையே நொந்துகொள்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அக்கர்மன்சியா மாத்திரை வாங்கலாமா?

நெதர்லாந்தின் வாகனிங்கனில் 2004-ல் கண்டறியப்பட்ட பாக்டீரியா அது. குடலின் கோழையைத் தின்று வாழ்வது. முன்னே சொன்னதற்கு முரணாகத் தோன்றும், ஆனால் அளவோடு இருக்கும்போது இது வேலியைப் பலப்படுத்துகிறது. 2013-ல் கானியின் குழு, பருத்த சுண்டெலிகளுக்கு இதை உயிரோடு கொடுத்தபோது எடையும் இன்சுலின் தடையும் குறைந்தன. மிதமான சூட்டில் பாஸ்டர் முறையில் பதப்படுத்திக் கொடுத்தால் பலன் இன்னும் கூடுவதாக 2017-ல் தெரிந்தது. 2019-ல் மனிதர்களுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்கள் 32 பேர். பாதுகாப்பாக இருந்தது, இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்கு உடம்பு கேட்கும் திறன், சற்று மேம்பட்டது. 32 பேரை நம்பி மாதாமாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

சுண்டெலியில் நடந்தது மனிதரில் நடக்குமா?

பாதிக்குப் பாதி ஏமாற்றம். மெலிந்த மனிதரின் மலத்தை வளர்சிதைக் கோளாறு உள்ள ஆண்களுக்கு மாற்றும் சோதனை ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. 2012-ல் வந்த முடிவில், ஆறு வாரத்தில் இன்சுலின் உணர்திறன் மேம்பட்டிருந்தது. 2017-ல் வந்த பெரிய சோதனையில் அந்த மேம்பாடு 18-ஆம் வாரத்தில் காணாமல் போயிருந்தது. எடை குறையவே இல்லை.

ஏன் என்று பார்த்தால் பல காரணங்கள். சுண்டெலிக் குடலில் உள்ள பாக்டீரியாவில் பெரும்பகுதி நம்மிடம் இல்லாத இனங்கள். சுண்டெலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரி அளவில், ஆய்வகம் இருப்பதோ 22 டிகிரியில். அதனால் அது சாப்பிட்டதில் நிறையக் குளிர்காயவே செலவாகிறது. ஒரே கூண்டில் உள்ளவை புழுக்கையைப் பகிர்ந்து தின்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே நுண்ணுயிரிக் கூட்டம் வந்துவிடும். பத்துச் சுண்டெலி இருந்தாலும் உண்மையில் எண்ண வேண்டியது ஒரு கூண்டைத்தான். பல ஆய்வுகள் இதைக் கவனிப்பதில்லை.

தீவனத்தில் இன்னும் பெரிய ஓட்டை. ஒரு பக்கம் சுத்திகரித்த பொருட்களால் செய்த கொழுப்புத் தீனி, மறுபக்கம் தானியமும் நாரும் நிறைந்த சாதாரணத் தீவனம். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு "கொழுப்பால் வந்தது" என்று எழுதினால், அது கொழுப்பால் வந்ததா, நார் இல்லாததால் வந்ததா? அடுத்தமுறை ஒரு ஆய்வைப் படிக்கும்போது, ஒப்பிட்ட குழுவுக்கு என்ன தீனி கொடுத்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள்.

2020-ல் ஒரு மதிப்பாய்வு, மனித நுண்ணுயிரிகளை எலியினங்களுக்கு மாற்றிய 38 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. 36-இல் நோயின் அறிகுறியும் சேர்ந்து மாறியதாக எழுதியிருந்தார்கள். இத்தனை வேறுபட்ட நோய்களுக்கு இவ்வளவு வெற்றி விகிதம் நம்பும்படி இல்லை என்று அந்த ஆசிரியர்களே எச்சரித்தார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

நம் பக்கத்தில் இப்படி ஆய்வு நடந்திருக்கிறதா?

நுண்ணுயிரியைப் பற்றியல்ல, ஆனால் உணவையும் விலங்கையும் வைத்து நடந்தது, நீலகிரியில். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் நூறாண்டுக்கு முன்பு குரங்குகளுக்குச் சத்து நீங்கிய தீனி கொடுத்து, குடல்தான் முதலில் கெடும் உறுப்புகளில் ஒன்று என்று காட்டினார். பிறகு இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவைப் பெரிய எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை, காய் கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியை நம்பியிருந்த அன்றைய சென்னை மாகாண உணவு கடைசியில் நின்றது. அந்த ஆய்வகம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பாலும் கீரையும் பருப்பும் தட்டில் குறைந்ததைத்தான் அந்த எலிகள் காட்டின. அந்தத் தட்டு இன்றும் நம் வீடுகளில் பெரிதாக மாறிவிடவில்லை.

மலத்தைக் கொடுத்து "குடல் ஆரோக்கிய அறிக்கை" வாங்கும் பரிசோதனை பயனுள்ளதா?

பருமனுக்கும் இரண்டு பெரிய பாக்டீரியாக் குழுக்களின் விகிதத்துக்கும் தொடர்பு உண்டென்று 2005-ல் சுண்டெலியில் கண்டார்கள். மனிதர்களில் பிறகு நடந்த ஆய்வுகளில் அந்த விகிதம் ஒன்றுபோல வரவில்லை. ஆனாலும் சில அறிக்கைகள் அதையே இன்றும் அச்சடித்துத் தருகின்றன. சர்க்கரை பற்றிக் கவலை என்றால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு, மருத்துவருக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியும். மிச்சப் பணத்துக்குச் சின்ன வெங்காயமும் கொண்டைக்கடலையும் கீரையும் வாங்கலாம்.